பலா மரத்தில் ஏழு மூட்டை

எங்கள் முந்திரிக் கொல்லையில் பேய்ப்படம் எடுக்க வந்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து, மாசி மாதம். முந்திரியில் பிஞ்சு இறங்கிக்கொண்டிருந்த நேரம். கொட்டை விழத் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்தடியிலும் சருகைக் கூட்டி, மண் தெரிய வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் விழுகிற கொட்டையைச் சருகுக்குள் துழாவித் துழாவியே இடுப்பு கழன்றுவிடும். பாதிக் கொல்லையைக் கூட்டி முடித்து நிமிர்ந்தேன். இரண்டு வேன், ஒரு லாரி, முப்பது பேர். லாரியிலிருந்து சாக்குச் சாக்காகச் சருகை இறக்கி, நான் கூட்டி வைத்த இடத்திலேயே கொட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன்.

"யாருய்யா நீங்க? எவன் வூட்டுக் கொல்லையில வந்து எவன் வூட்டுக் குப்பையக் கொட்டறீங்க?"

தாடி வைத்த ஒருவர் ஓடிவந்தார். அவர்தான் டைரக்டர். ஸ்ரீதர் என்று பெயர், சிதம்பரத்துக்காரர்.

"கோச்சுக்காதீங்கம்மா. இது அடர்ந்த காடா தெரியணும். இவ்ளோ சுத்தமா இருந்தா பேய் வராது."

"பேயி வராட்டி போவுது. நீங்க ஏன் வந்தீங்க?"

"ஓனர் பர்மிஷன் குடுத்துட்டாரும்மா."

"எந்த ஓனரு?"

ஒரு காகிதத்தை நீட்டினார். நான் எட்டாவது வரை படித்தவள். 'ஞானசேகரன், நில உரிமையாளர்' என்று போட்டுக் கையெழுத்து இருந்தது. பின்னால் பட்டா நகல் ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள். சர்வே நம்பர் எங்களுடையது, பெயர் எங்களுடையது இல்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன்.

ஞானசேகரன் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். ஐந்து வயதிலேயே கடலூருக்குப் படிக்கப் போய், அங்கேயே தங்கி, மனை வாங்கி விற்கிற தொழில் செய்கிறவர். அவருடைய அப்பாவும் என் மாமனாரும் நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஏரிப் பாசன நிலத்தைப் பெரியவர் எடுத்துக்கொண்டு கொஞ்ச நாளிலேயே விற்றுத் தீர்த்தார். அண்ணாகிராமம் பக்கத்தில் இந்த இரண்டே முக்கால் ஏக்கர் மேட்டுக் கொல்லை என் மாமனாருக்கு வந்தது. செம்மண்ணும் கல்லுமாகக் கிடந்ததை வெட்டித் திருத்தி, முந்திரி வைத்து, நடுவில் ஒரு பலாவையும் வைத்தார். எல்லாம் சரி, பாகம் பிரித்தது வாய்ப்பேச்சில். அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பத்திரம் என்று விட்டுவிட்டார்கள். நல்லவர்கள்தான், ஆனால் அந்த ஒரு காரியத்தில் எங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பதினொரு மணிக்கு ஞானசேகரனே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன். நான் போய் எதிரே நின்றேன்.

"என்னா மாமா இது? எங்க கொல்லைக்கு நீங்க எப்பலேர்ந்து ஓனரு?"

அவர் டைரக்டர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நம்ம காவக்காரங்க சார். ரொம்ப நாளா இருக்காங்க, அந்த உரிமையில பேசறாங்க. நீங்க வேலையப் பாருங்க."

காவல்காரர்களாம்! என் வீட்டுக்காரர் கொளஞ்சி பக்கத்தில்தான் நின்றார். அண்ணன் எதிரில் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார். அடிக்கிற கை அடிக்கட்டும் என்று நிற்கிற மாடுகூட ஒரு தடவை தலையை ஆட்டும். இவர் அதைக்கூடச் செய்யவில்லை. முப்பது பேர் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

சாயங்காலமே கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தோம். பழைய கணக்கில் பெரியவர் பெயர்தான் ஏறியிருந்தது, அவர் இறந்த பிறகு வாரிசு என்று எழுதிக் கொடுத்து மகன் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார் என்று சொன்னார். மாறி நான்கு வருஷம் ஆகிறது. நாங்கள் நான்கு வருஷமாக அவருடைய நிலத்தில்தான் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

"இப்ப என்னா சார் பண்றது?"

"கடலூர் கோட்டாட்சியர், ஆர்டிஓ கிட்ட அப்பீல் போடுங்க. அனுபவம் உங்களுதுன்னு காட்டணும். எதாவது எழுத்துல இருக்குதா?"

எழுத்தில் என்ன இருக்கும்? மரம் இருக்கிறது, மண் இருக்கிறது, கை காய்ப்புக் காய்த்து இருக்கிறது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் படப்பிடிப்பு நடந்தது. நானும் பத்து நாளும் போனேன். கொட்டை விழ ஆரம்பித்திருந்தது, யாருக்காகவும் அது நிற்காது. அவர்கள் சருகைக் கொட்டுவார்கள், அந்தப் பக்கம் போனதும் நான் கூட்டிவிடுவேன். "ஐயோ, கன்டினியூட்டி போச்சு!" என்று நித்யஸ்ரீ கத்திக்கொண்டு ஓடிவருவாள். அவள் டைரக்டருடைய உதவியாளர், முப்பது வயதிருக்கும். எந்த மரம் எப்படி இருந்தது, எந்த நடிகர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று தேதி போட்டுப் படம் பிடித்து வைப்பதுதான் அவள் வேலை. முதல் இரண்டு நாள் எங்களுக்குள் அடிதடிதான் நடக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து உட்கார்ந்து, முந்திரிப் பழத்தை உப்புப் போட்டுத் தின்றுகொண்டே கேட்டாள்.

"அக்கா, நெஜமா இது உங்க எடமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. நான் லேசில் அழுகிறவள் இல்லை.

"எங்க அப்பா சிதம்பரம் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவரு. மேல வீதியிலதான் வூடு. வாங்க, மனு எழுதித் தருவாரு" என்றாள்.

படத்தின் கதையையும் அவள்தான் சொன்னாள். ஒரு காட்டுக்கு இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். எவன் 'என்னுது' என்று சொல்கிறானோ அவனை ராத்திரியில் மரத்தின் வேர் வந்து சுற்றி மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிறது. பெயர் 'வேர் கேட்கும் ரத்தம்'. வேர் தண்ணீர் கேட்கும், எரு கேட்கும், ரத்தம் எதற்குக் கேட்கப்போகிறது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் நிலச் சொந்தக்காரனாக நடிப்பது யார் தெரியுமா? நம்ம ஞானசேகரன்தான். இடம் தருகிறேன், வேஷம் கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறார். "இந்தக் காடு என்னுது! ஒரு எலையக்கூட எவனும் தொடக் கூடாது!" என்று ஒரே வசனத்தைப் பதினான்கு தடவை கத்தினார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டை பொறுக்கினேன்.

ஐந்தாம் நாள் காமிராவைக் கொல்லையின் நடுவில் பலா மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரே கூச்சல். லைட்டுக்காரர்கள் ஓடிவந்து வேனில் ஏறிக்கொண்டார்கள். நான் பாம்போ என்று பதறிப் போய்ப் பார்த்தால், எல்லாரும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மேல் கிளைகளில் எட்டாத உயரத்தில் மூட்டைகள் தொங்கின. கறுத்து, சுருங்கி, கயிறு இறுகி, ஏழு மூட்டைகள். ஞானசேகரன் முகத்தில் ரத்தமே இல்லை.

"சூனியம்! எனக்குத்தான் வச்சிருக்கா! இவதான் வச்சிருக்கா!"

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை நாய் இழுக்காமல், வைக்கோல் சுற்றிப் பழைய சாக்கில் கட்டி, பால் வடிகிற மரத்தில் ஏற்றிவிடுவார்கள். மரத்தில் பால் இருக்கிற மாதிரி மடியிலும் பால் நிற்கும் என்று. எங்கள் கொல்லைக்கு இந்தப் பலாதான் பால் மரம். எங்கள் மாடு சிவப்பியும் அவள் மகளும் போட்ட ஏழு கன்றுக்கும் ஏழு மூட்டை. கொளஞ்சிதான் ஏறிக் கட்டினார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஞானசேகரன் இரண்டு செல்போனையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுங்குவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். காவல்காரி எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? டைரக்டருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "இதான்யா க்ளைமாக்ஸ்! ஆர்ட் டைரக்டர் ஒரு வருஷம் யோசிச்சாலும் இப்படி வராது!" என்று கீழிருந்தும் மேலிருந்தும் சுற்றிச் சுற்றி எடுத்தார். நித்யஸ்ரீயின் காதில் மட்டும் சங்கதியைச் சொன்னேன். அவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஞானசேகரன் சும்மா இருந்திருந்தால் பிழைத்திருப்பார். அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டார். 'என் நிலத்தில் உள்ள பலா மரத்தில் கொளஞ்சி மனைவி அமிர்தம் என்பவர் பல வருடங்களாக ஏழு மூட்டைகளைக் கட்டி எனக்குச் சூனியம் வைத்துள்ளார்.' ஊரில் ஒரு ஆளை, ஒரே ஒரு ஆளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஊரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டது.

ஆவணியில் கடலூரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கோட்டாட்சியர் ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்கள். ஞானசேகரன் வக்கீலோடு வந்திருந்தார். எங்களுக்கு நித்யஸ்ரீயின் அப்பா எழுதித் தந்த மனு ஒன்றுதான் துணை. கொளஞ்சி வழக்கம்போல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். இதில் தோற்றால் நாளைக்கு அந்தக் கொல்லைக்குள் காலை வைக்க முடியாது. மாமனார் வெட்டிய மண், நான் வாழ வந்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷம் கூட்டிய மண், மனை மனையாகக் கல் நட்டுப் போய்விடும்.

வக்கீல் பட்டாவை வைத்தார். "இருபது வருஷமா என் கட்சிக்காரர் நேர்ல போய்ச் சாகுபடி பண்றாரு மேடம். எதிர்த்தரப்பு வெறும் காவக்காரங்க. ஷூட்டிங்குக்கு அனுமதி குடுத்ததே இவருதான். தோ, சிடி. இவரே ஓனரா வர்றாரு, பாருங்க."

சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். ஞானசேகரன் திரையில் மார்பைத் தட்டிக்கொண்டு கத்தினார். இந்தக் காடு என்னுது!

"யாரு இது?"

"நான்தான் மேடம்" என்று எழுந்து நின்றார். முகத்தில் அத்தனை பெருமை.

"சினிமாவுல ராஜா வேஷம் போட்டவருக்கு நான் கோட்டைய எழுதித் தர முடியுமா சார்? உக்காருங்க."

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிடி ஓடிக்கொண்டே இருந்தது. இடி மாதிரி ஒரு சத்தம், திரை நிறையப் பலா மரம், ஏழு மூட்டை. அந்த அம்மாள் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்கள்.

"இதென்ன?"

வக்கீல் முந்திக்கொண்டார். "அதுக்குத்தான் வர்றேன் மேடம். அந்தப் பொம்பள எப்படிப்பட்டவங்கன்னு நீங்க பாக்கணும். போலீஸ் புகாரும் இருக்கு."

புகாரை வாங்கி முழுக்கப் படித்தார்கள். "பல வருடங்களாகன்னு போட்டிருக்கீங்க. இந்தம்மாதான் கட்டினாங்கன்னு உறுதியாத் தெரியுமா?"

"சத்தியமா இவதான் மேடம். அந்த மூட்டைக்குக் கீழ நின்னதுலேர்ந்து எனக்கு முட்டி மடக்க முடியல."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்கள். "ஏம்மா, நீங்கதான் கட்டினீங்களா?"

"ஆமாங்கம்மா. எங்க வூட்டுக்காரரு ஏறிக் கட்டினாரு."

ஞானசேகரன் மேஜையைத் தட்டினார். "ஒத்துக்கிட்டா பாருங்க!"

"எதுக்குக் கட்டினீங்க?"

"மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடிய மரத்துல கட்டாம என்னங்கம்மா பண்றது? நாய்க்கா போடறது?"

வக்கீல் மெதுவாகத் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு கேஸ் கட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாளின் உதடு இழுத்துக்கொண்டு போனது, கஷ்டப்பட்டு அடக்கினார்கள்.

"எத்தனை கன்னு?"

"ஏழுங்கம்மா. மொதல்ல கருப்பன். அப்பறம் சுட்டி, வெள்ளச்சி, மாசி, பொட்டு, ராணி, கடைசியா தைப்பூசத்துல பொறந்தது ஒண்ணு, அதுக்கு இன்னும் பேரு வைக்கல. அஞ்சுக்குச் சினை ஊசி போட்ட அட்டை இருக்கு, ஆஸ்பத்திரி சீலோட. ரெண்டு காளைக்குச் சேந்தது."

அட்டைகளைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து வைத்தேன். ஒவ்வொரு தேதியையும் குறித்துக்கொண்டார்கள்.

"மிஸ்டர் ஞானசேகரன். இருபது வருஷமா நேர்ல போய்ச் சாகுபடி பண்றேன்னு எழுதியிருக்கீங்க. அவ்வளவு நாளா அந்த மரத்த அண்ணாந்து பாக்கலியா? எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட இது என்னான்னு தெரியும்."

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "அடுத்தவன் மரத்துல கட்டிட்டா அது அவங்களுதாயிடுமா மேடம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்தவன் மரத்துல எவளாச்சும் கட்டுவாளா மாமா? பாலு அவன் வூட்டுக்குப் போயிடும்னு தெரியாதா? சொந்த மரம் இல்லாதவ கோயில் ஆலமரத்தத் தேடிப் போவாளே தவிர, பங்காளி மரத்த ஏறிட்டுப் பாக்க மாட்டா!"

"நேர்ல வந்து பாக்கறேன். வர்ற வியாழக்கிழமை" என்று சொல்லி அந்த அம்மாள் எழுந்தார்கள்.

வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த நித்யஸ்ரீயின் அப்பா, "இன்னும் முடியல. மரம் பத்திரம்" என்று மட்டும் சொன்னார். அது எவ்வளவு சரி என்று புதன்கிழமை தெரிந்தது. மதியம் வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் தனியாக மாட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். கோடாரியும் கயிறுமாக இரண்டு பேர் வந்தார்கள். மங்கலம்பேட்டைப் பக்கத்து ஆட்கள். பலாவை வெட்டச் சொல்லி ஓனர் அனுப்பினார் என்றார்கள்.

ஓடிப்போய் மரத்துக்கு முன்னால் நின்றேன். "வெட்டு பாக்கலாம். மொதல்ல என்னை வெட்டு."

கத்தின கத்தில் தொண்டை கட்டிவிட்டது. அவர்களில் பெரியவர் என்னைப் பார்க்கவே இல்லை. கோடாரியை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார். ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று எண்ணினார்.

"இது நஞ்சு கட்டின மரமாச்சேம்மா?"

"ஆமாய்யா. ஏழு கன்னு."

"இத வெட்டச் சொல்லி அனுப்பறான், அவன் வூட்டுல மாடு கன்னே கெடையாதா? மடி வத்திப்போற பாவத்த நாங்க எதுக்குச் சொமக்கணும்?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "குடிக்கத் தண்ணி குடு, நாங்க போறோம்."

தண்ணீர் மட்டுமா கொடுத்தேன்? மோர் கொடுத்தேன். என் வயிற்றிலேயே பாலை வார்த்துவிட்டுப் போன மனிதர்கள்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. ஊரே கொல்லையில் கூடிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரி சின்னம்மாள், நான் கேட்காமலே முன்னால் வந்து, "இந்தக் கொல்லையில அமிர்தத்தத் தவிர வேற எவரும் வெளக்கமாறு புடிச்சு நான் பாத்ததில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நித்யஸ்ரீ சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். படப்பிடிப்புக்கு முன்னால் இடம் பார்க்க வந்த அன்று எடுத்த படங்களைத் தேதியோடு கொடுத்தாள். அதில் அன்றைக்கு யார் கண்ணிலும் படாத மூட்டைகள் இருந்தன, மரத்தடிகள் வட்ட வட்டமாகக் கூட்டியிருந்தன, தூரத்தில் குனிந்து கூட்டுகிற என் முதுகும் இருந்தது.

ஞானசேகரன் விடவில்லை. "எல்லாம் ஒரே வருஷத்துல கட்டினதா இருக்கும் மேடம். பழசுன்னு யார் சொன்னது?"

"பழைய மூட்டை எது?" என்று அந்த அம்மாள் கேட்டார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் கொளஞ்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டார். ஐம்பது வயது மனிதர், அணில் மாதிரி போனார். உச்சிக் கிளையில் காலைப் பின்னிக்கொண்டு, ஒரு மூட்டையின் மேலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

"உரச் சாக்குங்கம்மா. மாசம் வருஷம் அச்சுல இருக்கு. ரெண்டாயிரத்து ரெண்டு, மார்ச்சு." பக்கத்துக் கிளைக்கு மாறினார். "இது ரெண்டாயிரத்து நாலு. இது அழிஞ்சிடுச்சு. இது ஆறு."

கிராம உதவியாளர் ஒருவர் பாதி உயரம் ஏறிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையை ஆட்டினார். அந்த அம்மாள் நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தார்கள். "நீங்க யாருங்க?"

ஊர் முழுக்கக் கேட்டது, அவர் குரல் அவ்வளவு பெரியது என்று கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கே தெரியாது.

"நான் கொளஞ்சிங்கம்மா! இது எங்கப்பா வச்ச மரம்! அண்ணன் சொல்ற மாதிரி நான் காவக்காரன் இல்ல. இந்தக் கொல்லை எங்களுது!"

சின்னம்மாள்தான் முதலில் குலவை போட்டாள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள், விசில்கூடப் பறந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன், வெட்கமே இல்லாமல். ஞானசேகரன் காரில் ஏறிக் கதவைச் சாத்தியது யார் கண்ணிலும் படவில்லை.

மார்கழியில் உத்தரவு வந்தது. ஞானசேகரன் பெயரை நீக்கி, நிலம் கொளஞ்சியின் அனுபவத்தில் இருப்பதை ஏற்று அவர் பெயருக்குப் பட்டா வழங்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். நித்யஸ்ரீயின் அப்பா அதை எங்களுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். மூன்றாம் தடவை நானே படித்தேன்.

அடுத்த வருஷம் ஆனியில் படம் சிதம்பரத்தில் வெளியானது. டைரக்டர் ஸ்ரீதர் ஊரையே வேன் வைத்துக் கூட்டிப்போனார். மதியக் காட்சி. சிதம்பரத்துக்காரர்கள் பயந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எங்கள் ஆட்களோ, ஞானசேகரன் வாயைத் திறந்தாலே ஊளையிட்டுச் சிரித்தார்கள். பலா மரம் வந்து இசை உறுமியதும், "தோ எங்க கருப்பன்! தோ வெள்ளச்சி!" என்று சின்னம்மாள் எழுந்து நின்று கத்தினாள். முன்வரிசையில் ஒரு பையன் பயத்தில் பாப்கார்னைக் கொட்டினான். பேய்ப்படத்துக்கு இப்படிச் சிரித்த கூட்டத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று டிக்கெட் கிழிக்கிறவர் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் கொளஞ்சி, "பொறப்படு, ரெஜிஸ்டர் ஆபீசு வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றார். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. அங்கே போனால், பத்திரம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். கொளஞ்சி தன் கொல்லையை எனக்கு எழுதி வைக்கிறார்.

"ஏன்யா, உனக்கு எதாச்சும் கிறுக்குப் புடிச்சிருக்கா? இவ்ளோ பாடுபட்டு உன் பேருக்கு வாங்கினா, அதத் தூக்கி எங்கிட்டக் குடுக்கற?" என்று சண்டைக்குப் போனேன். பத்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் துண்டைக் கையில் எடுக்கவில்லை. தோளிலேயே இருந்தது.

"அண்ணன் காவக்காரன்னு சொன்ன அன்னிக்கு நான் வாயத் தொறக்கல அமிர்தம். நீ தொறந்த. நீ பேசலன்னா அது இன்னிக்கு மனைக்கட்டு. பேசினவ பேர்லயே இருக்கட்டும்."

நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதத்தில் பட்டா வந்தது. உரிமையாளர் அமிர்தம், கணவர் பெயர் கொளஞ்சி என்று இருக்கிறது.